கடற்பூதங்களும் முதலீட்டின் அளவுகோலும்: மலிவுத் திரைப்படங்களின் மதிப்பீடு பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினை

ஜனரஞ்சகக் கலைவடிவங்களை ஆராய்வோர் படைப்பைப் பற்றிப் பேசுவர். படைப்பாளியைப் பற்றியும் பேசுவர். ஆயின், ஒரு படைப்பை 'நன்று' என்றும் 'தீது' என்றும் தீர்க்கின்ற பார்வையாளர் எந்த அளவுகோலைக் கையிற் கொண்டிருக்கின்றனர், அவ்வளவுகோல் அவர் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை எழுப்புதற்கு மிகவும் பொருத்தமான ஒரு களம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1950களிலிருந்து மிகக் குறைந்த செலவில் தயாரிக்கப்பட்டுவரும் கடற்பூதத் திரைப்படங்களே அக்களமாகும். பாரிய விமர்சகர் எவரும் பொருட்படுத்தாத இப்படங்களை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஏனைய படங்களில் முதலீட்டின் அளவு திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும். இவற்றிலோ அது பூதத்தின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும். இறப்பர்த் தோலின் மடிப்பு, அசையாத கண், நூலில் தொங்கும் கை ஆகிய ஒவ்வொன்றும் தயாரிப்பாளரின் கணக்கேட்டினது ஒரு பக்கமாகும்.

இப்படங்கள் பற்றிய தீர்ப்புகளை மூன்று வகைப்படுத்தலாம். 'பூதம் நம்பும்படியாக இல்லை' என நிராகரிப்பது முதலாவது. 'இவ்வளவு மோசமாக இருப்பதனாலேயே சுவையாக இருக்கிறது' எனச் சிரித்து மகிழ்வது இரண்டாவது. 'இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு செய்துவிட்டார்களே' என வியப்பது மூன்றாவது. மேலோட்டமாக நோக்குமிடத்து இவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஆயின் மூன்றும் ஒரே அளவுகோலையே பயன்படுத்துகின்றன. செலவிடப்பட்ட பணமே மூன்றுக்கும் அடிப்படை. முதலீட்டின் அளவு கலையின் அளவாக மாறிவிடும்போது பார்வையாளர் எதனைக் காணத் தவறுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் விடயமாகும்.

2. தோற்றச் சூழல்

படத்தயாரிப்பையும் படமாளிகைகளையும் ஒருங்கே தம் கையில் வைத்திருந்த ஹொலிவூட் பெருங்கம்பனிகளின் முறைக்கு எதிராக 1948இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமது படமாளிகைகளில் நிச்சயமாகத் திரையிடப்படும் என்ற உத்தரவாதத்துடன் அதுவரை சிறு படங்களையும் உற்பத்தி செய்துவந்த அக்கம்பனிகள், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெருஞ்செலவுப் படங்களை நாடின. குடும்பங்களைத் தொலைக்காட்சி வீட்டில் இருத்தியது. மோட்டார் வண்டியில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளோ நாடெங்கும் பெருகி, 1950களின் பிற்பகுதியில் 4000ஐத் தாண்டின. அவற்றுக்கு வந்த இளைஞர்களுக்கு வாரந்தோறும் புதிய படங்கள் தேவைப்பட்டன. இந்த இடைவெளியை நிரப்பவே சிறு கம்பனிகள் தோன்றின.

1954இல் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்கொவ்வும் தொடங்கி, பின்னர் 'அமெரிக்கன் இன்டர்நாஷனல் பிக்சேர்ஸ்' எனப் பெயர்பெற்ற கம்பனி இவ்வகையில் முக்கியமானது. படத்தின் பெயரையும் சுவரொட்டியையும் முதலில் ஆயத்தஞ் செய்து, படமாளிகைக்காரர் அவற்றை விரும்பினால் மாத்திரம் கதையை எழுதுவிப்பது அதன் வழக்கமாயிருந்தது. பண்டத்தின் பெயர் முதலிலும் பண்டம் பின்னருமாகப் பிறந்த உற்பத்திமுறை இது.

அதே 1954இல் றொஜர் கோர்மன் தாம் தயாரித்த முதலாவது கடற்பூதப் படத்தை வெளியிட்டார். ஒருவர் மாத்திரம் செல்லக்கூடிய சிறு நீர்மூழ்கியொன்றைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்த அவர், விளம்பரத்துக்குப் பிரதியாக அதனை இலவசமாகப் பெற்றுக் கதையில் நுழைத்தார். கையிற் கிடைத்த பொருளே கதையைத் தீர்மானித்தது.

இத்தகைய தயாரிப்பாளர் கடலை நாடியதற்குப் பொருளியற் காரணம் வெளிப்படை. கடல் வாடகையற்ற அரங்கு. நீரும் மூடுபனியும் இரவும் பூதத்தின் குறைகளை மறைக்கும். உடலின் ஒரு பகுதியை மட்டும் காட்டினாற் போதும். ஏனையதைப் பார்வையாளரின் கற்பனை செலவின்றிக் கட்டிக்கொள்ளும். ஆயின் கடலைத் தெரிந்தெடுத்ததற்கு வரலாற்றுக் காரணமொன்றும் உண்டு. அது அணுகுண்டு. அதனைப் பின்னர் நோக்குவோம்.

3. ஆறு கைகள்

1955இல் கொலம்பியா கம்பனி வெளியிட்ட 'இட் கேம் ஃபுறொம் பினீத் த சீ' (கடலடியிலிருந்து வந்தது) என்ற படத்தில், பாரியதோர் ஒக்டோபஸ், அதாவது பேய்க்கணவாய், சன் பிரான்சிஸ்கோ நகரைத் தாக்குகிறது. சிக்கனத்துக்குப் பெயர்போன தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன் ஒதுக்கிய பணம் போதாமையால், எட்டுக் கைகள் இருக்கவேண்டிய அப்பிராணிக்கு ஆறு கைகளையே றே ஹரிஹவுசன் செய்தார். உருவத்தை மிகச் சிறிதளவு அசைத்து ஒரு சட்டகம் படம்பிடித்து, மீண்டும் அசைத்து இன்னொரு சட்டகம் பிடிக்கும் முறை அவருடையது. திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 சட்டகங்கள் தேவை. ஒரு கை குறையுமாயின் ஒவ்வொரு சட்டகத்திலும் ஓர் அசைவு குறையும். கூலியும் நேரமும் குறையும். இரு கைகளின் குறைவைக் கடல்நீர் மறைத்துக்கொண்டது.

இதனை அறிந்த பார்வையாளர் பலர் அன்றுதொட்டு இப்படத்தைப் பார்க்கும்போது கைகளை எண்ணுகின்றனர். எண்ணி முடித்ததும் 'அகப்பட்டுவிட்டது' என மகிழ்கின்றனர். ஆயின் அவர்கள் கண்டுபிடித்தது எதனை? ஓர் உழைப்பாளி தனக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள் நின்று அவ்வெல்லையைக் காணாதபடி செய்த தொழில்நுட்பத் தீர்வையே. அது குறையன்று, தேர்ச்சி.

அதே 1955இல் வெளிவந்த எட் வூட்டின் 'பிறைட் ஒஃப் த மொன்ஸ்ரர்' (பூதத்தின் மணமகள்) என்ற படத்தை ஒப்பிடலாம். அதில் இறப்பர்ப் பேய்க்கணவாயின் கைகள் தாமாக அசையவில்லை. அகப்பட்ட மனிதரே அவற்றைப் பிடித்துத் தம் உடலைச் சுற்றி அசைக்க வேண்டியிருக்கிறது. அங்கே எல்லை மறைக்கப்படவில்லை; பார்வையாளர் முன் அப்படியே கிடக்கிறது. இரண்டும் மலிவான படங்கள். இரண்டிலும் ஒரே பிராணி. எனினும் ஒன்றில் வறுமை வடிவமாக மாற்றப்பட்டது, மற்றதில் மாற்றப்படவில்லை. 'மலிவு' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டையும் அடக்கும் பார்வையாளர் இந்த வேறுபாட்டை இழந்துவிடுகின்றனர்.

1975இல் வெளிவந்த 'ஜோஸ்' இவ்விடயத்தில் மிகத் தெளிவான சான்றாகும். ஸ்ரீபன் ஸ்பீல்பேர்க்கின் இப்படம் ஏறத்தாழ 40 இலட்சம் டொலரிற் திட்டமிடப்பட்டு 90 இலட்சம் டொலர் வரையிற் சென்றது. கதையைப் பொறுத்தவரை அது 1950களின் மலிவுப் படங்களின் கதையே. அதன் இயந்திரச் சுறா உப்புநீரிற் பழுதுபட்டு அடிக்கடி நின்றுபோனமையால், படத்தின் பெரும்பகுதியிற் சுறாவைக் காட்டாது விட நேர்ந்தது. விமர்சகர் இதனைக் கலைமேதைமை எனப் பாராட்டினர். அது தகுதியான பாராட்டே. ஆயின் அதே மறைப்பை இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பணமின்மையாற் செய்தோரைப் பற்றி 'காட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை' என்றே கூறப்பட்டது. செயல் ஒன்று, தீர்ப்பு இரண்டு. இடையில் நின்றது முதலீடு.

4. எண்ணப்படாதோர்

கைகளை எண்ணிய பார்வையாளர் எண்ணத் தவறியது வேறொன்று. ஐக்கிய அமெரிக்கா 1946 தொடக்கம் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுக்குண்டுப் பரிசோதனைகளை நடத்தியது. பிக்கினித் தீவின் மக்கள் 1946இலேயே தம் மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர். 1954 மார்ச் 1ஆந் திகதி பிக்கினியில் வெடிக்கப்பட்ட ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் றொங்கெலப் தீவின் மக்கள் மீதும், யப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 தொழிலாளர் மீதும் வீழ்ந்தது. அப்படகின் வானொலி இயக்குநரான ஐக்கிச்சி குபொயாமா அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார்.

இப்பின்னணியில் அமெரிக்கப் படங்களை நோக்குவோம். 1953இன் 'த பீஸ்ற் ஃபுறொம் 20,000 ஃபாதம்ஸ்' (இருபதினாயிரம் பாகத்து மிருகம்) ஏறத்தாழ 2 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்டது. வோர்ணர் கம்பனி அதனை ஏறத்தாழ இருமடங்கு விலைக்கு வாங்கிப் பல மடங்கு இலாபமீட்டியது. ஆர்க்டிக் பிரதேசத்து அணுக்குண்டுப் பரிசோதனை ஒரு பண்டைய மிருகத்தை எழுப்புகிறது. அது நியூயோர்க்குக்கு வருகிறது. கதிரியக்கப் பொருளொன்றினாற் கொல்லப்படுகிறது. நோயும் மருந்தும் ஒரே களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. மேலே கூறிய பேய்க்கணவாயோ பசிபிக்கின் குண்டுப் பரிசோதனையாற் கதிரியக்கம் பெற்றது. அதுவும் பசிபிக் தீவெதனையும் நாடாது சன் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறது. கடற்படையினர் அதனைக் கொல்கின்றனர். உண்மையிற் பாதிக்கப்பட்ட தீவு மக்களும் கடற்றொழிலாளரும் கதையிலிருந்து நீங்கிவிட, குண்டை வெடித்த நாட்டின் மாநகரங்களே பாதிக்கப்பட்டோராக மாறிவிடுகின்றன. இந்த இடமாற்றமே இப்படங்களின் ஆழமான கருத்துநிலைத் தொழிற்பாடாகும். இதற்கு இறப்பரின் தரம் காரணமன்று. பத்து மடங்கு செலவிட்டிருந்தாலும் இது மாறியிராது.

1954 நவெம்பரில் யப்பானின் தோஹோ கம்பனி வெளியிட்ட 'கொட்சில்லா' இதற்கு மறுதலையான படம். இஷிரோ ஹொண்டா இயக்கிய அப்படத்தில் முதலில் அழிவது ஒரு கப்பலே. பூதத்தை அழிக்கும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அது அரசுகளின் கைக்குப் போகாதவாறு தன் குறிப்புகளை எரித்துத் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். யப்பானிய அளவில் அது பெருஞ்செலவுப் படம். எனினும் 1956இல் அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவனின் காட்சிகளைச் செருகி, அணுக்குண்டு பற்றிய பகுதிகள் பலவற்றை நீக்கியே அது அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 2004இலேயே மூலப்படம் அங்கு பரவலாகத் திரையிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்குள்ள பார்வையாளருக்கு அது 'இறப்பர் உடையணிந்த மனிதன்' என்ற கேலிப்பொருளாகவே எஞ்சியது. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள முதலாவது உடையைச் சுமந்து நடித்த ஹருவோ நகஜிமாவின் உழைப்பும் அக்கேலியுள் மறைந்தது. வெட்டியது வணிகம், பழி ஏற்றது படம்.

5. பூதத்தைப் புனைந்தவன்

மலிவுப் படம் பெருமுதற் படத்தால் இயலாத ஒன்றைச் சொல்லக்கூடும் என்பதற்கு, கோர்மன் 1961இல் வெளியிட்ட 'கிறீச்சர் ஃபுறொம் த ஹோண்டட் சீ' (பேயுலாவும் கடலின் பிராணி) ஓர் எடுத்துக்காட்டு. உற்பத்தித் தொழில் தொடங்குவோருக்குப் புவேட்டோ றிக்கோவில் வரிச்சலுகை உண்டென அறிந்த கோர்மன், அங்கே வேறு இரு படங்களை எடுக்கச் சென்றார். குழுவும் கமராவும் கையில் இருந்தமையால் மூன்றாவது படமொன்றைச் சில நாட்களில் எடுத்து முடித்தார். சார்ள்ஸ் கிரிவ்வித் தாம் முன்னர் எழுதிய கதையமைப்பொன்றையே மாற்றி எழுதிக் கொடுத்தார். பின்னாளிற் புகழ்பெற்ற திரைக்கதாசிரியராகிய றொபேட் டவுன் புனைபெயரில் ஒற்றனாக நடித்தார்.

கதை பின்வருமாறு: கியூபாவிற் புரட்சி வென்றுவிட்டது. பழைய ஆட்சியின் படைத்தலைவன் ஒருவன் தன் ஆட்களுடன் தேசத்தின் கருவூலத்தைத் திருடிக்கொண்டு தப்புகிறான். அவர்களைத் தன் படகில் ஏற்றும் அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஒரு சூழ்ச்சி செய்கிறான்: அவர்களை ஒவ்வொருவராகக் கொன்று, பழியைக் கடற்பூதத்தின் மீது போட்டுவிட்டுச் செல்வத்தைக் கைப்பற்றுவது. ஆயின் உண்மையாகவே ஒரு பூதம் கடலில் இருக்கிறது. ஈற்றில், எலும்புக்கூடுகளின் நடுவே கடலடியிற் செல்வப்பெட்டியின் மேல் அப்பூதம் அமர்ந்திருக்கிறது.

அமெரிக்க ஆதரவுடன் எதிர்ப்புரட்சியாளர் பன்றிகள் குடாவில் இறங்கித் தோல்வியுற்றதும் இப்படம் வெளிவந்த அதே 1961இல்தான். இப்படத்தைப் புரட்சிகரப் படமெனக் கூறுவது மிகையாகும். அது புரட்சியாளரையும் எதிரிகளையும் வேறுபாடின்றிக் கேலி செய்யும் ஒரு பகிடிப் படமே. எனினும் அதன் கதையமைப்பில் இவ்வகைப் படங்கள் அனைத்தினதும் இரகசியம் வெளிப்பட்டுவிடுகிறது. பூதம் தோன்றுவதற்கு முன்னரே பூதத்தின் கதை வேண்டப்படுகிறது. அது களவை மறைப்பதற்காகப் புனையப்படுகிறது. புனைபவன் செல்வத்தைக் கைப்பற்ற இருப்பவனே. 1950களின் ஏனைய படங்கள் மறைத்ததை இது விளையாட்டாகச் சொல்லிவிட்டது. நீச்சலுடையின் மேற் பாசி போன்ற பொருள்களையும் பந்துகளாலான கண்களையும் ஒட்டிச் செய்த அதன் பூதத்தை ஒருவராலும் நம்பமுடியாது. ஆயின் இப்படத்துக்கு நம்பமுடியாத பூதமே பொருத்தமானது. கொள்ளைக்காரன் புனைந்த பொய்க்கு உரிய உருவம் அது.

மார்க்சிய அறிஞர் பிரெடரிக் ஜேம்சன் 1979இல் 'ஜோஸ்' பற்றி எழுதியபோது, அதன் சுறா எந்த ஓர் அச்சத்தின் குறியீடுமன்று, பல்வேறு சமூக அச்சங்களை ஒருங்கே உறிஞ்சி அவற்றை 'இயற்கை' ஆக்கிவிடுவதே அதன் தொழில் என விளக்கினார். அவர் பெருமுதற் படத்துக்குக் கூறியதை மலிவுப் படத்தோடு சேர்த்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. பெரும் பணத்தாற் செய்த சுறா 'இயற்கை' எனத் தோன்றுவதில் வெற்றி பெறுகிறது. பாசியும் பந்தும் கொண்ட பூதம் 'என்னை யாரோ செய்திருக்கிறார்கள்' என்று தானே கூறுகிறது. அந்தக் கூற்றைக் கேட்பதா, கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதா என்பது பார்வையாளரைப் பொறுத்தது.

6. மலிவின் விலை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். மலிவைப் போற்றுவதும் ஒரு மயக்கமே. படத்தின் செலவு குறையும்போது அக்குறைவை யாரோ ஒருவர் தாங்கிக்கொள்கின்றனர். 1980இல் கோர்மனின் கம்பனி வெளியிட்ட 'ஹியூமனோயிட்ஸ் ஃபுறொம் த டீப்' (ஆழ்கடல் மனிதப்பிராணிகள்) என்ற படத்தைப் பார்பரா பீற்றேர்ஸ் என்ற பெண் இயக்கினார். மீன் பதனிடும் கம்பனியொன்றின் ஆய்வு பூதங்களை உண்டாக்குகிறது. அக்கம்பனியை எதிர்க்கும் பூர்வீகக்குடி மீனவன் ஊராரின் வெறுப்புக்கு ஆளாகிறான். மூலதனம், தொழில், இனவெறுப்பு ஆகியன இணையும் கூர்மையான கதை அது. ஆயின் அவர் எடுத்து முடித்த பின்னர், பெண்கள் மீதான பாலியல் வன்முறைக் காட்சிகள் வேறொருவரைக் கொண்டு படமாக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. தமது பெயரை நீக்குமாறு பீற்றேர்ஸ் கேட்டபோதும் அது நீக்கப்படவில்லை. விற்பனைக்காக மலிவாகச் சேர்க்கக்கூடிய 'விசேட அம்சம்' பெண்ணுடலே என்பது அங்கு கணக்காயிருந்தது.

பெருங்கம்பனிகளும் இதற்கு விலக்கல்ல. 1954இல் யூனிவேர்சல் வெளியிட்ட 'கிறீச்சர் ஃபுறொம் த பிளக் லகூன்' (கருங்குடாவின் பிராணி) படத்தின் பூதத்தை வடிவமைத்தவர் மிலிசென்ற் பற்றிக் என்ற பெண். ஒப்பனைப் பிரிவின் தலைவர் அப்பெருமையைத் தமதாக்கிக்கொண்டார். பற்றிக் அக்கம்பனியின் பணியை இழந்தார். அவரது வரலாறு மல்லரி ஓமேரா 2019இல் எழுதிய நூலினாலேயே பரவலாக அறியப்பட்டது. அதே பூதத்தின் உடையை நீரினடியில் அணிந்து நீந்திய றிக்கோ பிரௌனிங், சுவாசக் கருவியின்றி மூச்சை அடக்கிக்கொண்டே பல காட்சிகளில் நடித்தார். அதே உடை 'நம்பும்படியாக இருக்கிறதா' என்று விவாதித்தோர், அதனுள் இருந்தவரையும் அதனை வரைந்தவரையும் நெடுங்காலம் கேட்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோர்மனின் கம்பனிக்காக ஜோன் செயில்ஸ் எழுதிய 'பிரானா' (1978) படத்தில், வியட்னாமின் ஆறுகளிற் போர்க்கருவியாகப் பயன்படுத்தவென அமெரிக்க இராணுவம் வளர்த்த மீன்கள் சொந்த நாட்டின் ஆற்றில் விடுபடுகின்றன. இராணுவ அதிகாரியோ உல்லாச விடுதியில் இரகசியப் பங்காளி. மேலே நாம் கண்ட இடமாற்றம் இங்கு தலைகீழாகிறது: ஆயுதம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை. இத்தகைய படங்களுக்கு எழுதிப் பெற்ற பணத்தைக் கொண்டே செயில்ஸ் தமது முதற் படத்தை எடுத்தார். பின்னர் 1987இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பற்றிய 'மேற்வான்' படத்தையும் அளித்தார். மலிவுப் படத்துறை சுரண்டற் களமாகவும் பயிற்சிக் களமாகவும் ஒருங்கே இருந்தது. இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மாத்திரம் பிடித்துக்கொள்ளும் மதிப்பீடு குறையுடையதாகும்.

7. சிரிப்பின் விற்பனை

1980இல் மெட்வெட் சகோதரர் வெளியிட்ட நூலொன்று எட் வூட்டை 'எக்காலத்திலும் மிக மோசமான இயக்குநர்' என முடிசூட்டியது. 1988இல் மினியாப்பொலிஸ் நகரத் தொலைக்காட்சியில், பழைய மலிவுப் படங்களை ஓடவிட்டு அவற்றின்மேற் பகிடி பேசும் நிகழ்ச்சியொன்று தொடங்கிப் பெரும் புகழ் பெற்றது. இச்சிரிப்பிற் கூட்டாகக் கூடி மகிழும் ஒரு நேர்மையான அம்சம் உண்டு. திரைக்கு அடிபணியாத சுதந்திரமும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் சந்தை எச்சுதந்திரத்தையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

2013இல் 'சிஃபை' தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஷார்க்நேடோ' அதன் விளைவாகும். சுழற்காற்றுச் சுறாக்களை அள்ளி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் மீது வீசும் கதை அது. பார்வையாளர் சிரிக்கவேண்டிய இடங்கள் முன்னதாகவே திட்டமிடப்பட்டு, அவர்களது கேலியே விளம்பரமாகக் கணக்கிடப்பட்டது. 2018 வரை ஆறு படங்கள் வெளிவந்தன. 1955இன் ஆறு கைகள் ஒரு குறையை மறைக்க எடுத்த முயற்சி. 2013இன் மோசம் உற்பத்தி செய்யப்பட்ட மோசம். தான் படத்தைவிட உயர்ந்தவன் என்ற உணர்வைப் பார்வையாளர் விலைகொடுத்து வாங்கினர். அத்தொடரின் மூன்றாவது படத்தின் படப்பிடிப்புக்குப் பிந்திய பணியாளர் 2015இற் தொழிற்சங்க ஒப்பந்தம் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். சிரித்தோரில் எத்தனை பேரின் காதுக்கு அச்செய்தி எட்டியிருக்கும் என்பது சிந்தனைக்குரியது.

வியப்பு என்ற மூன்றாவது தீர்ப்பும் இவ்வாறே பரிசீலிக்கப்படல் வேண்டும். 2023இன் 'கொட்சில்லா மைனஸ் வண்' 15 மில்லியன் டொலருக்கும் குறைந்த செலவில் எடுக்கப்பட்டதாக இயக்குநர் தக்காஷி யமசாக்கி கூறினார். 35 கலைஞர் 610 காட்சித்துண்டுகளைச் செய்து, 2024இல் ஒஸ்கார் விருதும் பெற்றனர். அதன் சாதனை மெய்யானது. ஆயின் 'இவ்வளவு குறைவாகவா!' என்ற பாராட்டைத் தயாரிப்பாளர் ஏனைய தொழிலாளருக்கு எதிரான அளவுகோலாகத் திருப்பிவிடக் கூடும். சிக்கனத்தைப் பாராட்டுவோர் கூலியைப் பற்றியும் கேட்கவேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், கடற்பூதப் படங்களை மதிப்பிடுதற்கு 'நம்பத்தக்கதா?' என்ற ஒரே வினா போதாது என்பது தெளிவாகும். அதனிடத்தில் மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். முதலாவது, கையிலிருந்த சாதனங்களைக் கொண்டு படைப்பாளர் தமது எல்லையை வடிவமாக மாற்றினரா? இரண்டாவது, பூதத்தை உண்டாக்கியவர் யார், அதனாற் பயன்பெறுபவர் யார், பாதிக்கப்பட்டோரில் எவர் கதையிலிருந்து நீக்கப்பட்டனர்? மூன்றாவது, பூதத்தின் உடலைச் செய்தோரும் சுமந்தோரும் எவ்வாறு நடத்தப்பட்டனர்? முதல் வினா வடிவத்தையும், இரண்டாவது கருத்துநிலையையும், மூன்றாவது உற்பத்தி உறவையும் நோக்கியது. ஹரிஹவுசனின் பேய்க்கணவாய் முதல் வினாவிற் தேறி இரண்டாவதில் தவறுகிறது. பீற்றேர்ஸின் படம் இரண்டாவதில் நம்பிக்கை தந்து மூன்றாவதில் வீழ்கிறது. ஒரு படம் ஒன்றிற் சிறந்து மற்றதிற் தாழ்வது இயல்பே. அந்த ஏற்றத்தாழ்வை விளக்குவதே விமர்சனத்தின் பணியாகும்.

முற்போக்கு விமர்சனம் இத்தகைய படங்களை 'குப்பை' என ஒதுக்குமாயின், கோடிக்கணக்கான மக்களின் அச்சங்களுக்கு உருவங் கொடுக்கும் பொறுப்பை அது வணிகரிடமே விட்டுவிடுகிறது. அவ்வுருவங்களை உருவாக்கிய கைகளையும், அவற்றிலிருந்து அழிக்கப்பட்ட மனிதரையும் பார்வையாளருக்குக் காட்டித் தருவது நமது கடமை. அவர்கள் சிரிப்பதை நாம் தடுக்கவேண்டியதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்து சிரித்தல் வேண்டும்.